கரையில் எட்டு மணி நேரம்: சாண்டோரினியில் கடற்கரை எங்கே?

காலை ஏழரை மணி. கப்பலின் மேல்தளத்தில் காபிக் கோப்பையோடு நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரே செங்குத்தாக எழும் மலைச்சுவர். கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று அடுக்கடுக்காக நிறம் மாறுகிறது. உச்சியில் சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிரேக்க நாட்டின் சாண்டோரினி தீவு வந்துவிட்டது.

பையில் டவல், மாற்றுத் துணி, குழந்தையின் மணல் வாளி எல்லாம் தயார். ஆனால் கடற்கரை எங்கே? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு பிடி மணல்கூட இல்லை. மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது.

கப்பல் சுற்றுலாவில் சில மணி நேரம் மட்டும் இந்தத் தீவில் இறங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கப்பல் நிற்பது ஒரு பக்கம். கடற்கரைகள் இருப்பது மறுபக்கம். நடுவில் ஒரு மலை, ஒரு கேபிள் கார், ஒரு பஸ், இரண்டு மூன்று வரிசைகள். இவற்றைக் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் கறுப்பு மணலில் கால் நனைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறார்கள். கணக்குப் போடாதவர்கள் பாதி நாளை வரிசையிலும், மீதி நாளைப் பதற்றத்திலும் கழிக்கிறார்கள்.

மணல் ஏன் மறுபக்கம்?

சாண்டோரினி ஓர் எரிமலை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் வெடிப்பில் தீவின் நடுப்பகுதி உள்வாங்கிக் கடலுக்குள் போனது. மிஞ்சியது பிறை நிலா வடிவத்தில் ஒரு விளிம்பு. அந்த விளிம்பின் உட்பக்கம்தான் கப்பலிலிருந்து தெரியும் செங்குத்துச் சுவர். நடுவில் இருக்கும் பள்ளத்தைக் ‘கால்டெரா’ என்கிறார்கள். கப்பல் மிதப்பது அந்தப் பள்ளத்தில் நிரம்பிய கடலில். ஆழம் 300 மீட்டருக்கும் மேல்.

மலையின் வெளிப்பக்கம் அப்படியில்லை. கிழக்கிலும் தெற்கிலும் நிலம் மெல்லச் சரிந்து, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிக் கடலைத் தொடுகிறது. அங்கேதான் கமாரி, பெரிசா, பெரிவோலோஸ் என்ற புகழ்பெற்ற கடற்கரைகள். மணலின் நிறம் கறுப்பு. எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையாகி, அலை அதை அரைத்து அரைத்து மணலாக்கியிருக்கிறது. எள்ளைக் கொட்டிப் பரப்பியதுபோல் இருக்கும். இரும்புச் சத்து மிகுந்த பாறை உடைந்த இடத்தில் கரை சிவப்பு. நுரைக்கல்லும் சாம்பலும் படிந்த இடத்தில் வெளிறிய வெள்ளை. ஒரே மலை, மூன்று நிறம்.

கீழிருந்து மேலே

பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கும் துறைமுக மேடை இங்கே கிடையாது. சிறு படகுகளில்தான் கரைக்கு அழைத்துப் போவார்கள். ஃபிரா நகரத்துக்கு நேர் கீழே இருக்கும் பழைய துறைமுகத்தில் படகு நிற்கும். அங்கிருந்து மேலே போக மூன்று வழிகள்.

ஒன்று, கேபிள் கார். ஏறி உட்கார்ந்தால் மூன்று நிமிடப் பயணம். ஆனால் ஏறுவதற்கு முன் நிற்கும் வரிசைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கள் வந்திருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

இரண்டாவது, படிக்கட்டு. 580-க்கும் மேற்பட்ட படிகள், மலைமேல் வளைந்து வளைந்து போகின்றன. நிழல் இல்லை. கல் வழவழப்பானது. கழுதைகளும் கோவேறு கழுதைகளும் அதே வழியில் வருவதால் சாணமும் இருக்கும். ஏறுவது சிரமம். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு இறங்குவது அரை மணி நேர வேலை.

மூன்றாவது, கழுதைச் சவாரி. பல காலமாக நடக்கும் தொழில். அந்த விலங்குகள் வெயிலில் படும் பாட்டைப் பார்த்து எழுந்த கண்டனங்களுக்குப் பிறகு, 100 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்று கிரேக்க அரசு 2018-ல் விதி கொண்டுவந்தது. சவாரி வேண்டாம் என்று விலகிவிடுகிற பயணிகள் இப்போது நிறைய.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தால் வேறு வழி. பெரும்பாலும் அத்தினியோஸ் என்ற இன்னொரு துறைமுகத்தில் படகில் இறக்கி, அங்கே காத்திருக்கும் பஸ்ஸில் ஏற்றுவார்கள். கடைசியில் ஃபிராவில் விட்டுவிட, அங்கிருந்து கேபிள் காரில் அவரவரே இறங்கிப் படகைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆக, எந்த வழியில் போனாலும் மாலையில் அந்த வரிசை காத்திருக்கிறது.

எந்தக் கடற்கரை?

ஒரு நாளில் இரண்டு கடற்கரை என்ற ஆசை வேண்டாம். தீவின் பஸ்கள் ஃபிராவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி கிளம்பி, ஃபிராவுக்கே திரும்புகின்றன. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போக வேண்டுமானாலும் பெரும்பாலும் ஃபிராவுக்கு வந்து பஸ் மாற வேண்டும். டாக்ஸிகள் குறைவு. அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே இருப்பது உத்தமம்.

*கமாரி:* ஃபிராவுக்கு மிக அருகில் உள்ள பெரிய கடற்கரை. பஸ்ஸில் 20 நிமிடம். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு முதல் தேர்வு இதுதான். கரை நெடுக உணவகங்கள், குடைகள், சாய்வுப் படுக்கைகள். வாகனத் தொந்தரவு இல்லாத நடைபாதை இருப்பதால், தண்ணீரில் இறங்காத பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மணலைவிடக் கூழாங்கல் அதிகம். தண்ணீரில் சில அடி வைத்ததுமே ஆழம் கூடும். குழந்தைகளின் கையை விடக் கூடாது.

*பெரிசா, பெரிவோலோஸ்:* பஸ்ஸில் சுமார் அரை மணி நேரம். ஒன்றோடொன்று தொடர்ந்து நீளும் கரை என்பதால் கூட்டம் இருந்தாலும் இடம் கிடைத்துவிடும். மணல் இங்கே கொஞ்சம் மென்மை. கமாரிக்கும் பெரிசாவுக்கும் நடுவே மேசா வூனோ என்ற மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சியில் பழங்கால தீரா நகரத்தின் இடிபாடுகள். சாலையில் சுற்றிப் போக வேண்டிய இந்த இரண்டு கரைகளையும் கோடையில் சிறு படகு ஒன்று நேராக இணைக்கிறது. ஆனால் கப்பல் பயணிகள் அந்தப் படகை நம்பித் திட்டம் போடாமலிருப்பது நல்லது. காற்று பலமாக அடித்தால் ஓடாது.

*மொனோலித்தோஸ்:* சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஏற்றது. வெகுதூரம் வரை முழங்கால் அளவு தண்ணீர்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தலைக்கு மேல் விமானம் பறக்கும். குழந்தைகளுக்கு அதுவும் ஒரு வேடிக்கை. பஸ் வசதி மற்ற இரண்டையும்விடக் குறைவு. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்ட பிறகே இறங்க வேண்டும்.

சிவப்புக் கரை: தூரத்திலிருந்து போதும்

படங்களில் எல்லோரையும் இழுப்பது அக்ரோத்திரிக்கு அருகில் உள்ள சிவப்புக் கடற்கரை. ரத்தச் சிவப்பில் எழும் பாறை, அடியில் கறுஞ்சிவப்பு மணல், எதிரே நீலக் கடல். பார்க்க அற்புதம்தான்.

ஆனால் அந்த அழகான பாறை உறுதியான பாறை அல்ல. எரிமலை கக்கிய துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இறுகாமல் குவிந்திருக்கும் மேடு அது. அவ்வப்போது சரிகிறது. பாறை சரியும் ஆபத்து என்று வழியிலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போய்ப் பாறையின் அடியிலேயே துண்டு விரித்துப் படுப்பவர்களும் இருக்கிறார்கள். ‘இத்தனை பேர் இருக்கிறார்களே’ என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. பாறைக்குத் தலைகளின் எண்ணிக்கை தெரியாது.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், கரைக்கு இறங்கும் முன்பே மொத்தக் காட்சியும் தெரியும் மேடு ஒன்று வருகிறது. படம் எடுக்க அதுவே போதும். நீச்சலுக்கு வேறு கரைகள் இருக்கின்றன.

நேரக் கணக்கு

காலை 8 மணிக்குக் கப்பல் வருகிறது, கரையிலிருந்து கடைசிப் படகு மாலை 4.30 என்று வைத்துக்கொள்வோம். எட்டரை மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். செலவாகும் விதம் இப்படி:

8.00 – 9.00: சிறு படகுக்கான முறை வரும்வரை காத்திருந்து, கரை சேர்வது.
9.00 – 9.45: கேபிள் கார் வரிசை, மேலே போவது.
9.45 – 10.30: பஸ் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது.
10.30 – 11.00: கமாரி.
11.00 – 1.30: கடற்கரை, சாப்பாடு.
1.30 – 2.15: பஸ்ஸுக்கு நின்று, ஃபிராவுக்குத் திரும்புவது.
2.15 – 3.30: கேபிள் கார் வரிசை, கீழே இறங்குவது.
3.30 – 4.00: படகு.

எட்டரை மணி நேரத்தில் கடலுக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். கடைசிப் படகுக்கு முன் மிஞ்சும் அரை மணி நேரத்தைக் கடைவீதிக்குக் கொடுத்துவிடக் கூடாது. பஸ் ஒன்று தவறினாலோ, வரிசை நீண்டாலோ கைகொடுப்பது அதுதான்.

கப்பல் நிற்பது மொத்தமே ஐந்து மணி நேரம் என்றால்? கடற்கரையை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஃபிராவின் விளிம்போரப் பாதையில் நடந்து, நிழலான இடத்தில் உட்கார்ந்து, கீழே பொம்மைபோல் மிதக்கும் கப்பலைப் பார்த்துவிட்டு இறங்கினால் மனசும் நிறையும், காலும் வலிக்காது.

இன்னொரு சின்ன விஷயம் பல பேருடைய நாளைக் கெடுத்திருக்கிறது: கடிகாரம். கிரேக்க நேரம் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால். கையில் இருக்கும் போன் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாற்றாது. கப்பலில் அறிவிப்பது எந்த நேரப்படி என்று முதல் நாள் இரவே கேட்டுக்கொண்டு, வீட்டில் எல்லோருடைய கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிட வேண்டும்.

கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமானத்திலோ ஃபெர்ரியிலோ சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். அதன் நகலும், கப்பலின் உள்ளூர் முகவர் எண்ணும் கைப்பையில் இருப்பது அவசியம்.

பையில் என்ன?

• செருப்பல்ல, தண்ணீரில் போட்டுக்கொள்ளும் ரப்பர் ஷூ. கறுப்பு மணல் வெயிலை உறிஞ்சி மதியத்தில் தோசைக்கல்லாகக் கொதிக்கும். தண்ணீருக்குள் வழுக்கும் கற்பாறைகளும் உண்டு.
• தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தீவில் ஆறு கிடையாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டில் தண்ணீரையே வாங்கிக் குடிக்கிறார்கள்.
• சில்லறை யூரோ. பஸ்ஸிலும் சிறு கடைகளிலும் உதவும்.
• குடையும் சாய்வுப் படுக்கையும் வாடகைக்குக் கிடைக்கும். முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை. படுத்த பிறகு கேட்காமல், படுக்கும் முன் கேட்டுவிட வேண்டும்.
• டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. உடைக்காகக் கூச்சப்பட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.
• இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். இடையில் துருக்கித் துறைமுகத்துக்குப் போய்விட்டு மீண்டும் கிரேக்கத் தீவுக்கு வரும் பயணமாக இருந்தால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து ‘மெல்டெமி’ என்ற காற்று பலமாக அடிக்கும். சில நாட்களில் சிறு படகுகளை இயக்க முடியாமல் கேப்டன் இந்தத் தீவையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. திட்டமிட்ட பயணமே இல்லையென்று ஆகும்போது கோபம் வரும். அந்த மலைச்சுவரின் அடியில் அலை மோதுவதைப் பார்த்தால் அவர் முடிவு சரி என்று புரியும்.

தீவில் இருப்பவர்களின் பக்கம்

சாண்டோரினியில் குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். 2023-ல் கப்பலில் மட்டும் வந்தவர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். கோடையில் சில நாட்கள் ஒரே பகலில் 10,000 பேருக்கு மேல் இறங்கியிருக்கிறார்கள். ஃபிராவின் சந்துகளில் எள் விழ இடமிருக்காது. வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரரும் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். கழுவவும் குளிக்கவும் பயன்படும் தண்ணீரில் பெரும்பகுதி, கடல்நீரிலிருந்து செலவு செய்து உப்பு நீக்கி எடுத்தது.

அதனால் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையிலிருந்து கோடை மாதங்களில் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 20 யூரோ கட்டணம். கப்பல் நிறுவனமே வசூலித்துக் கட்டிவிடும். கணக்கில் புதிதாக ஒரு வரி தெரிந்தால் அது இதுதான்.

காசு கட்டியாயிற்றே என்று நினைக்காமல், குளியலறைத் தண்ணீரை அளவாகத் திறப்பது, வீட்டு வாசலில் ஏறி நின்று படம் எடுக்காமலிருப்பது, கரையில் ஒரு தக்காளி வடையும் ஒரு தட்டு ஃபாவாவும் வாங்கிச் சாப்பிடுவது என்று வந்தவர்களால் செய்யக்கூடியதும் உண்டு. தக்காளி வடை என்று சொல்வது சும்மா ஒப்புக்கு அல்ல. மழை அதிகம் காணாத எரிமலை மண்ணில் விளையும் சின்னஞ்சிறு தக்காளியை நறுக்கி, மாவும் புதினாவும் சேர்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இரண்டும் பிரச்னை இல்லாத உணவு.

நேரத்தில் கிளம்பியவர்கள்

சிவப்புக் கரைக்குப் போகும் வழியில்தான் அக்ரோத்திரி அகழாய்வு இடம் இருக்கிறது. 1967-ல் கிரேக்கத் தொல்லியல் அறிஞர் ஸ்பிரிதோன் மரினாத்தோஸ் தோண்டத் தொடங்கிய ஊர். அந்தப் பழைய வெடிப்பின் சாம்பலுக்குள் மாடி வீடுகளும், கழிவுநீர்க் குழாய்களும், தானியத் தாழிகளும், வண்ண ஓவியங்களும் அப்படியே புதைந்து கிடந்தன. கிடைக்காதது ஒன்றுதான்: சாம்பலில் சிக்கி இறந்த மனிதர்களின் எலும்புகள். நகைநட்டும் அதிகம் கிடைக்கவில்லை. முதலில் வந்த நில அதிர்வுகளைப் பார்த்து, மதிப்புள்ளவற்றை எடுத்துக்கொண்டு மக்கள் நேரத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

2025 பிப்ரவரியிலும் நிலம் நாள்தோறும் அதிர்ந்தபோது, 10,000 பேருக்கு மேல் ஃபெர்ரியிலும் விமானத்திலும் தீவைவிட்டுப் போனார்கள். அதிர்வு அடங்கியது, திரும்பி வந்தார்கள், கோடைக்குக் கடைகளைத் திறந்தார்கள். எப்போது இருப்பது, எப்போது கிளம்புவது என்பது அந்தத் தீவுக்காரர்களுக்குப் பழகிய பாடம்.

ஒரு பகல் மட்டும் வந்துபோகிறவர்களுக்கும் அதே பாடம்தான் பொருந்துகிறது. ஒன்றரை மணி ஆகும்போது தண்ணீர் இன்னும் இதமாக இருக்கும். குழந்தை இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சும். அந்த நேரத்தில் துண்டை உதறி மடித்துவிட வேண்டும். காலில் ஒட்டிய கறுப்பு மணலைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினால், மாலையில் கப்பலின் மேல்தளத்தில் நின்று அதே மலைச்சுவரைப் பார்க்கலாம். காலையில் மர்மமாக இருந்த சுவர் இப்போது அப்படியில்லை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும்.